எட்டுப் பட்டை வரைக்கும்

எங்கள் தோட்டத்து வாசலில் பெண்களைச் சோதனை போட்டவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் கிராணியின் பெரட்டுப் புத்தகத்தில் அது எழுதியும் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேட்டில் உட்கார்ந்திருந்ததால் கேட்டக்கா. என் மாமியார் மட்டும் "அந்தக் கொக்கி" என்பாள், அவள் காதில் விழாத தூரத்தில்.

செமிலிங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் வந்ததும் நாலு இடத்தில் கிடந்த லய வீடுகளைப் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டினார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி, ஒரே ஒரு வாசல். பால் வெட்டப் போகிறவர்கள் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பிடி அரிசி, ஒரு சீனிப் பொட்டலம், ஒரு மாத்திரை, எதுவும் வெளியே போகக் கூடாது. காட்டில் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று பயம். விடிந்தும் விடியாமல் வெறும் தேத்தண்ணியோடு போகிற வயிறு மத்தியானம் திரும்பும் வரை என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை. பத்து மணிக்கு மரம் இரண்டிரண்டாகத் தெரியும். அதனால் ஒளித்தோம். சேலை மடிப்பில், கொண்டைக்குள், வாளியின் அடியில். பிடிபட்டால் ஜெயில்.

ஆண்களைத் தடவிப் பார்க்க மலாய்க்காரப் போலீஸ் கோப்பரல் இருந்தார். பெண்களைத் தடவ ஒரு பெண் வேண்டும் என்று பெரட்டில் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தோம். இவள் ஒருத்திதான் கையைத் தூக்கினாள். மரத்துக்கு மரம் ஓடி ஓடிக் காலில் ரத்தம் கட்டிவிட்டதாம், உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் எமனுக்கே கணக்கெழுதத் தயாராம். ஒரு வாரம் லயத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. அவளும் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

நாற்பது வயது இருக்கலாம். கறுத்த, அகலமான முகம். அந்த முகத்தில் எதுவும் ஓடாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவளைப்போல உங்கள் தோளுக்கு மேல் ஜெராய் மலையைப் பார்த்துக்கொண்டே கையை ஓட்டுவாள். மூன்று சுற்றுச் சேலைக்குள் இருப்பது அரிசியா சோறா என்று அந்தக் கை சொல்லிவிடும். ஆனால் வாய் சொல்லாது. முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான். மறுநாள் காலை காதருகே மெதுவாகக் கேட்பாள், "நூல் எங்க?"

நூல் எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். கேட்டுக்கு வருவதற்கு முன், பால் வெட்டி முடித்த மத்தியானங்களில், அவள் தோட்டத்துத் துரை பங்களாவில் துணியும் துவைத்தவள். அங்கே துரையம்மாவின் கட்டிலில் ஒரு போர்வை. துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்தது. நடுவில் சின்னதாக ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றி ஒவ்வொரு பக்கமாகப் பட்டை வைத்து வைத்துப் பெரிதாக்கிய கட்டம். இரண்டு பக்கம் வெளுத்த பட்டை, இரண்டு பக்கம் அடர்ந்த பட்டை. அப்படிப் பல கட்டங்களைச் சேர்த்தால் தூரத்திலிருந்து பார்க்கையில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்தாற்போல் இருக்குமாம். அதை மனப்பாடம் செய்ய அவளுக்கு நேரம் வேண்டியிருந்தது. இந்த ஊர் ஈரத்தில் வாரம் இரண்டு முறை வெயிலில் போடாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று துரையம்மாவிடம் சொல்லிவிட்டாள். பிறகு கொடியடியில் நின்று பட்டைகளை எண்ணினாள்.

அதைப் போலவே ஒன்று செய்யத் துணிக்கு எங்கே போவது? ஜப்பான்காரன் காலத்தில் சாக்கைக் கட்டி மானத்தை மறைத்தவர்கள் நாங்கள், விரல்கடை துணியைக்கூட யாரும் விடமாட்டோம். கேட்டில் கத்தரிக்கோலும் தையல் ஊசியும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் உத்தரவு. அதனால் நூலைப் பின்னிப் போடுவது என்று முடிவுசெய்தாள். உடைந்த குடையின் கம்பியைத் தேய்த்து, முனையை வளைத்து, குரோஷா ஊசி ஒன்றைத் தானே செய்துகொண்டாள். அது ஆயுதமா இல்லையா என்று கோப்பரலுக்குச் சந்தேகம் வந்தது. அவர் கேட்டு முடிப்பதற்குள் அதை ரவிக்கைக்குள் விட்டு முதுகைச் சொறிந்துகொண்டாள். முதுகு சொறிகிற கம்பி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சிவப்பு நூலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் பின்னுவாள். பிறகு அதன் ஓரத்துக் கண்ணிகளில் கொக்கியை விட்டு இழுத்து ஒரு பட்டை, திருப்பி அடுத்த ஓரத்தில் ஒரு பட்டை. மாவுச் சாக்கின் வாயைத் தைத்திருக்கும் நூல் வெள்ளைக்கு. அடர்ந்த நிறத்துக்கு, தஞ்சோங் டாவாயிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரிடம் கேட்டு வாங்கிய பழைய வலை நூல், மரப்பட்டைச் சாயம் ஏறிக் கருஞ்சிவப்பாக இருக்கும். கோப்பரலின் ஓட்டை விழுந்த காக்கிக் கம்பளிக் காலுறைகூட ஒருநாள் பிரிபட்டு உருண்டையாகி அவள் மடியில் கிடந்தது. மற்றதெல்லாம் எங்கள் நூல்.

யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்று நினைவில்லை, ஆனால் ஒரு மாதத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒவ்வொருத்திக்கும் ஒரு கட்டம். ஒருமுறை மாட்டினால் ஒரு பட்டை. அவள் எதையும் எழுதி வைக்கவில்லை, எல்லாம் மடியில் இருந்தது. போகிறபோது வருகிறபோது ஓரக்கண்ணால் அவரவர் கட்டத்தைப் பார்த்துக்கொள்வோம். கட்டத்துக்கு எட்டுப் பட்டை. எட்டும் முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தி துணிந்து கேட்டாள்.

"போர்வை போர்வையா இருக்கணும்ல," என்றாள் கேட்டக்கா. "உனக்காக ஒரு கட்டம் மட்டும் பாயாட்டம் வளந்துக்கிட்டே போனா நல்லாவா இருக்கும்?"

அதற்குமேல் அவள் விளக்கவில்லை. ஒன்பதாவது தடவை பிடித்துக் கொடுத்துவிடுவாள் என்று நாங்களே புரிந்துகொண்டோம். பசியை அடக்கப் பழகினோம். ஒருத்தி மட்டும் தன் பட்டையைத் தங்கச்சி கட்டத்தில் போடும்படி கெஞ்சினாள். தங்கச்சிக்கு இரண்டுதான் ஆகியிருந்ததாம். அதற்கு அவள் தங்கச்சியின் கையெழுத்து வேண்டும் என்றாள் கேட்டக்கா. கேட்டக்காவுக்கோ படிக்கத் தெரியாது, தங்கச்சிக்கும் எழுதத் தெரியாது.

கேட்டக்காவின் புருஷன் என்ன ஆனான் என்பதற்கு நாலு கதை உண்டு, நாலும் அவளே சொன்னவை. ஜப்பான்காரனுக்குச் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவில்லை என்று என் மாமியாரிடம். கோலா கெத்திலில் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று கிராணியிடம். அவனும் போலீஸ்தான், பேராவில் இருக்கிறான் என்று கோப்பரலிடம், அதிலிருந்து அவர் அவளுக்குக் காலையில் காப்பி கொடுத்தார். என்னிடம் சொன்னது, கல்யாணமே ஆகவில்லை என்பது. நாலையும் ஒரே முகத்தோடுதான் சொன்னாள். எது உண்மை என்று கேட்டபோது, உனக்கு எது பிடிக்குதோ அதை வெச்சுக்க என்றாள்.

என்னை அவள் படுத்தியது தனிக்கதை. கல்யாணமாகி மூன்று மாதம் அப்போது எனக்கு. ஒரு துணிப் பையில் அரிசியைப் போட்டு வயிற்றில் கட்டிக்கொண்டு போனேன். பழக்கமில்லாததால் கட்டு தளர்ந்து, நடக்கும்போது சேலை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பெண்களைச் சோதிக்கும் தட்டி மறைப்பிலிருந்து வெளியே வந்ததும் கோப்பரல் என் வயிற்றைப் பார்த்தார். கேட்டக்கா மலையைப் பார்த்தபடியே, "இனி புந்திங் லா, என்சே," என்றாள். அதாவது நான் கர்ப்பிணியாம். கோப்பரல் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் என் முதல் மரத்தைத் தொடுவதற்குள் செய்தி என் மாமியாரிடம் போய்விட்டது. திரும்பி வந்தபோது வீட்டில் சேமியாப் பாயசம். இல்லை என்று சொன்னால் அரிசி விஷயம் வெளியே வரும், ஆமாம் என்று சொன்னால் பிள்ளைக்கு எங்கே போவது? என் புருஷனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பாயசத்தை வீணாக்க வேண்டாம் என்றார். மறுநாள் கேட்டில் நின்று அழமாட்டாக் குறையாக, இப்ப நான் என்ன செய்வேன் என்று கேட்டேன்.

"என்னையக் கேட்டா?" என்றாள். "அதுக்கு நான் என்ன லா செய்ய முடியும். உன் ஊட்டுக்காரர்கிட்ட சொல்லு. அப்புறம், அரிசியாக் கட்டாத புள்ள. சோறாக்கி, உருட்டி, மாராப்புக்குள்ள வையி."

இரண்டு மாதத்தில் அவள் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. மாமியாரின் கணக்கில்தான் அந்தப் பிள்ளை பிறக்க நாளானது. யானைப் பிள்ளையோ என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள்.

சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. முனியம்மா என்று ஒருத்தி. தனியாள், இரண்டு ஆடுகள் மட்டும் சொந்தம். அவள் கட்டத்தில் மூன்று பட்டைதான் ஆகியிருந்தது. ஒருநாள் காலை, எங்கள் எல்லோர் முன்னாலும், கேட்டக்கா அவள் கொண்டையை அவிழ்த்து உள்ளிருந்த அரிசி முடிச்சை எடுத்துக் கோப்பரல் கையில் வைத்தாள். முகம் மாறவே இல்லை. முனியம்மாவைப் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு சுங்கைப்பட்டாணிக்குப் போய்விட்டார்கள். அன்று யாருக்கும் பால் வெட்டக் கை ஓடவில்லை.

சாயங்காலம் கேட்டக்கா தண்ணீர்க் குழாயடிக்கு வந்தபோது பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் நின்று, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டுவிட்டேன்.

"ஆறு மாசமா ஒருத்திகூட மாட்டலன்னா, நான் எதுக்கு இங்கன்னு கேப்பானுங்க," என்றாள். "வேற ஒருத்திய உக்கார வெப்பானுங்க. அவ உங்க எல்லாத்தையும் புடிப்பா."

"அதுக்கு முனியம்மாவா?"

"புள்ளைக்காரியப் புடிக்கச் சொல்றியா?"

குடத்தை எடுத்துக்கொண்டு நானும் நடந்தேன். முனியம்மா உள்ளே இருந்த மூன்று மாதமும் அவள் ஆடுகளைக் கேட்டக்காதான் மேய்த்தாள். முனியம்மா திரும்பி வந்தபோது போனதைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். உள்ளே மூன்று வேளை சோறு, யாரும் தடவிப் பார்ப்பதில்லை என்று எங்களிடம் சொன்னாள். ஆனால் கேட்டக்காவிடம் மட்டும் மாதக் கணக்கில் பேசவில்லை. சோதனைக்கு நிற்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். இவள் மலையைப் பார்ப்பாள்.

அந்த வருஷக் கடைசியில் புதிதாக ஒரு போலீஸ் துரை வந்தான். சின்ன வயசு, வெயிலில் சிவந்து உரிந்த மூக்கு. இந்த வாசலில் மட்டும் ஏன் அதிகம் பேர் மாட்டுவதில்லை என்று அவனுக்குச் சந்தேகம். சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து, வெட்டுக்காரி மாதிரி அழுக்குச் சேலை கட்டிவிட்டு, இடுப்பில் அரிசியைக் கட்டி எங்கள் வரிசையில் நிறுத்திவிட்டான். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. புது முகம் என்று பார்த்தோம், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள் என்றாள். அவளை விட்டுவிட்டால் கேட்டக்காவுக்கு வேலை மட்டுமல்ல, வெளி உலகமே போய்விடும்.

அவள் தட்டிக்குள் போன வேகத்தில் கேட்டக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, அரிசிப் பையைத் துரையின் பூட்ஸ் மேலேயே போட்டாள். எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டோம். தொட்டதும் வயித்தை உள்ள இழுக்கல, பயமே இல்ல அவளுக்கு, பசிச்ச உடம்பு அப்படி நிக்காது என்றாள்.

துரைக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், ஏமாற்றம் ஒரு பக்கம். தன் முன்னாலேயே மீதிப் பேரையும் சோதிக்கச் சொல்லித் தட்டியின் வாயில் வந்து நின்றுகொண்டான். வரிசையில் அடுத்து நின்றவள் நான். வயிற்றில் ஏழு மாதம், மாராப்புக்குள் வாழை இலையில் மடித்த சோற்று உருண்டையும் ஒரு துண்டுக் கருவாடும். என் கட்டத்தில் ஏழு பட்டை முடிந்திருந்தது.

திரும்பிப் போக முடியாது. ஓடவும் முடியாது. கேட்டக்கா போர்வையைச் சுருட்டி இடது கையில் அணைத்தபடி எழுந்தாள். அப்போது அது பாதிக்கு மேல் வளர்ந்து பெரிய பொதியாகிவிட்டிருந்தது. என்னை நெருங்கி வந்து நெஞ்சோடு நெஞ்சாக மோதினாற்போல் நின்றாள். வலது கை ஒருமுறைதான் உள்ளே போய் வந்தது. மாராப்பு லேசாகிவிட்டது. அடுத்த கணம் அந்தப் பொதியைத் திருப்பித் துரையிடம் நீட்டினாள்.

"துவான், பெகாங் செகெஜாப்," என்றாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தரையெல்லாம் மழைச் சேறு, நூல் அழுக்காகிவிடும், இரண்டு கையாலும் நன்றாகச் சோதிக்க வேண்டும் என்று காரணமும் சொன்னாள்.

நல்ல வளர்ப்பு அவனுக்கு. இரண்டு கையாலும் பிள்ளையை வாங்குவதுபோல் வாங்கி நெஞ்சில் அணைத்துக்கொண்டான். என் சோறும் கருவாடும் துரையின் நெஞ்சில் இருக்க, அவள் என்னைச் சோதித்தாள். அப்படி ஒரு சோதனையை நான் கண்டதில்லை. தலைப் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

கோப்பரலின் மூக்கு இரண்டு முறை விடைத்தது. துரையும் முகர்ந்து பார்த்து, என்ன வாடை என்று கேட்டான். அது தஞ்சோங் டாவாய் வலை நூல், எத்தனை முறை துவைத்தாலும் மீன் வாடை போகாது என்றாள். கோப்பரல் அவளைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், பிறகு தன் பூட்ஸைப் பார்க்க ஆரம்பித்தார். காப்பி கொடுத்துப் பழகிய மனிதர்.

என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் துரை போர்வையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பின்னால் நின்ற வரிசையை மறந்து, ஒரு ஓரத்தைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தான். எனக்குத் திரும்பிப் பார்க்கவே தைரியமில்லை. அவன் அம்மாவிடம் இதே மாதிரி துணியில் தைத்தது ஒன்று உண்டாம், அதன் கீழேதான் அவன் சின்ன வயதில் தூங்குவானாம். இதைத் தனக்குக் கொடுக்க முடியுமா, விலை என்ன என்று கேட்டிருக்கிறான். இன்னும் முடியவில்லை துவான், முடித்துத் தருகிறேன் என்று சொல்லி, பிரித்த ஓரத்தை மடித்து அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் பால் வாளியோடு திரும்பியபோது அவளிடம் போய் நின்றேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவள் நூலை இழுத்துக்கொண்டே, "கருவாட்டுல உப்பு கூட, புள்ள," என்றாள். சோற்றையும் விட்டுவைக்கவில்லை. என் கட்டத்தில் எட்டாவது பட்டை ஏறியிருந்தது, கோப்பரலின் காக்கிக் காலுறை நூலில்.

ஒரு மாதத்துக்குள் போர்வை முடிந்தது. துரை ஜீப்பில் வந்து இறங்கியபோது அதைக் கேட் கம்பத்தில் விரித்துப் போட்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் வேலிக்கு உள்ளே நின்று பார்த்தோம். தூரத்திலிருந்து பார்க்க அவள் சொன்னதுபோலவே வெயிலும் நிழலும் மாறி மாறி விழுந்தது. முனியம்மாவின் கட்டம் நட்ட நடுவில் இருந்தது, எட்டுப் பட்டையோடு. மீதி ஐந்து பட்டைக்கும் கேட்டக்கா தன் கல்யாணச் சேலையின் சரிகை ஓரத்தைப் பிரித்துப் போட்டிருந்தாள். ஆகவே ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது. முனியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று சாயங்காலம் ஆட்டுப்பால் ஒரு டம்ளர் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்ததாகச் சொன்னார்கள்.

துரை பணத்தை எடுத்தான். அவள் வேண்டாம் என்றாள். பத்து மணிக்கு வெட்டுக் காட்டுக்கு ஒரு அண்டா கஞ்சி, போலீஸ் காவலோடு வரட்டும், அங்கேயே குடித்துவிட்டு அண்டாவைக் கழுவிக் கொடுத்துவிடுகிறோம் என்றாள். அவன் யோசித்தான். எல்லோருக்கும் முடியாது, கர்ப்பிணிகளுக்கு மட்டும் என்றால் மேலே கேட்டுப் பார்க்கலாம் என்றான். யார் யார் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். சோதனை போடுகிறவளுக்குத் தெரியாததா, அவளே சொல்லட்டும் என்று கிராணியை எழுத வைத்தான்.

மேலிருந்து அனுமதி வந்து, மறுவாரம் பெரட்டில் கிராணி பட்டியலைப் படித்தார். முப்பத்தோரு பேர். முதல் பெயர் முனியம்மா. பத்தாவது பெயர் வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபதாவது பெயர் என் மாமியாருடையது. அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்து. மாமியார் என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பத்து மணிக்குக் கஞ்சி அண்டா வந்தபோது வரிசையில் முதல் ஆளாக மங்குக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

துரை சீக்கிரமே மாற்றலாகிப் போனான். ஜீப்பின் பின் இருக்கையில் எங்கள் போர்வை மடித்துக் கிடந்ததைப் பார்த்தோம். எந்த நாட்டில், எந்தக் கட்டிலில் இருக்கிறதோ தெரியாது. கஞ்சி மட்டும் நிற்கவில்லை. அடுத்து வந்தவன் பட்டியலைப் பார்த்து, இந்தத் தோட்டத்தில் பிறப்பு விகிதம் ஏன் இப்படி என்று கேட்டதாகக் கிராணி சொன்னார்.

எனக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் நாள் கேட்டக்கா பார்க்க வந்தாள். வெறுங்கை. குழந்தைக்குத் தொப்பியோ காலுறையோ பின்னிக்கொண்டு வருவாள் என்று நான் எதிர்பார்த்தது அவளுக்குத் தெரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். சன்னல் வழியாக ஜெராய் மலையைப் பார்த்தபடியே கழுத்து மடிப்பில் விரலை ஓட்டினாள். காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில். இறுக மூடியிருந்த இரண்டு கைகளையும் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். குழந்தை அழவில்லை. என் மாமியார் கதவருகே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, முகம் மாறாமல் சொன்னாள், "ஒண்ணும் கொண்டு வரல. உள்ள விடலாம்."